ஸாகோரியா, ஆர்க்காடியாவா, பெலியோனா? கிரேக்க மலைச் சாலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது

"ஆர்க்காடியா போகலாம்னு இருக்கோம்" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டார்: "ஆர்க்காட்டுக்குப் போக எதுக்குடா பாஸ்போர்ட்டு?"

அம்மாவை விடுங்கள், எனக்கும் அதுவரை கிரேக்கம் என்றால் வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் உள்ள தீவுதான். அந்த நாட்டு நிலத்தில் பெரும்பகுதி மலை என்பதும், ஏதென்ஸில் கார் எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கல் கிராமத்துச் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்பதும் பிறகு தெரிந்துகொண்டவை. முதல் தடவை ஆர்க்காடியாவில் மூன்று நாள் இருந்தோம். அடுத்த தடவை ஒரு வாரம் கிடைத்தது. ஸாகோரிக்குப் போனோம், கடைசியில் பெலியோனையும் ஒட்டவைத்துக்கொண்டோம். அப்படி ஒட்டவைத்ததுதான் நான் செய்த தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். எனக்குக் காடும் பள்ளத்தாக்கும் வேண்டும். மனைவிக்கு வளைவுச் சாலை ஆகாது, ஏற்காடு போனாலே கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். பன்னிரண்டு வயது மகளுக்குக் கடல் வேண்டும், இல்லாவிட்டால் ரயிலாவது வேண்டும். மச்சானுக்கு எந்த ஊரானாலும் சரி, கார் மட்டும் ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். இந்த நாலு விருப்பத்தையும் ஒரு வாரத்துக்குள் அடைக்கப் பார்த்தபோதுதான், மூன்று இடங்களையும் அழகை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை என்று புரிந்தது. மூன்றும் அழகுதான். பார்க்க வேண்டியது வேறு: உங்கள் வண்டியில் இருப்பவர்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வளைவுகளில் தாங்குவார்கள், கையில் முழுதாக எத்தனை நாள் இருக்கிறது, போவது எந்த மாதம்.

முதலில் மூன்றுக்கும் பொதுவான சங்கதி. நம் ஊர் லைசென்ஸ் மட்டும் அங்கே போதாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும், அது ஒரு வருடம் செல்லும். வண்டி வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம். இது அரை நாளில் பழகிவிடும். எனக்குப் பழகாமல் போனது இண்டிகேட்டர். நம் கார்களில் அது வலது கையில், அங்கே இடது கையில். முதல் நாள் முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வைப்பரை ஓட்டிக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை, கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச் என்று ஆடுகிறது, பின்னால் வந்தவர் என்ன நினைத்தாரோ.

பெட்ரோல் பங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸாகோரிக்குப் போகும் வழியில் யோனினா ஊர் எல்லையில் நிறுத்தி, "பெட்ரோல்" என்றேன். பங்க் ஊழியர் தலையாட்டிவிட்டு ஒரு குழாயை எடுத்தார். டாங்க் மூடியைத் திறந்தவர், அதன் உட்புறம் ஒட்டியிருந்த வட்டச் சீட்டைப் பார்த்து நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். கிரேக்க மொழியில் 'பெட்ரேலியோ' என்றால் டீசல். நாம் கேட்கும் பெட்ரோலுக்கு அவர்கள் சொல்வது 'அமோலிவ்தி', அதாவது ஈயம் இல்லாதது. அந்த மனிதர் சீட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் எங்கள் பயணம் அந்த பங்கிலேயே முடிந்திருக்கும். ஐரோப்பா முழுக்க வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்து இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் 'B' இருந்தால் டீசல். வண்டி எடுத்ததும் மூடியைத் திறந்து அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் போனை நீட்டினால் போதும், மொழியே வேண்டாம்.

சாலை எப்படி? கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறியவர்களுக்கு இங்கே பயப்பட ஒன்றுமில்லை. தார் நன்றாகவே இருக்கும், லாரி அதிகம் இல்லை. ஆனால் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது, மழைக்குப் பிறகு கற்கள் உருண்டு கிடக்கும், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டு மந்தை படுத்திருக்கும். வளைவுகளில் கம்பத்தின் மேல் சின்னத் தகரக் கோயில் ஒன்று நிற்கும். உள்ளே ஒரு படம், எண்ணெய் விளக்கு, சில சமயம் பாதி காலியான எண்ணெய் பாட்டில். அந்த இடத்தில் விபத்தில் இறந்தவருக்காக வீட்டார் வைத்ததாக இருக்கும், தப்பித்தவர் நன்றிக்கு வைத்ததாகவும் இருக்கும். நம் ஊரில் மலை அடிவாரக் கோயிலில் வண்டியை நிறுத்திக் காணிக்கை போட்டுவிட்டு ஏறுவோமே, அந்த நினைப்பு வந்தது. அந்தக் கோயில்கள் அடுத்தடுத்துத் தென்பட்டால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். எச்சரிக்கைப் பலகையைவிட அதை நம்பலாம்.

சரி, ஆர்க்காடியா. தெற்குக் கிரேக்கத்தில் பெலோபொனீஸ் தீபகற்பத்தின் நடுவில் மைனாலோ மலையைச் சுற்றி இருக்கும் பகுதி. ஏதென்ஸிலிருந்து 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. திரிப்போலியைத் தாண்டிய பிறகுதான் மலைச் சாலை. வீதினா, திமிட்சானா, ஸ்தெம்னிட்சா, கரீத்தேனா என்று நாலு ஊர் ஒரே கோட்டில் வரும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். கரீத்தேனாவிலிருந்து மெகலோப்போலிக்கு இறங்கினால் மறுபடி நெடுஞ்சாலை. ஒரு வட்டம் போட்டது மாதிரி, வந்த வழியே திரும்ப வேண்டாம். மூன்று இடங்களில் மனைவி எலுமிச்சம்பழத்தை வெளியே எடுக்காதது இங்கே மட்டும்தான்.

வீதினாவைச் சுற்றி ஃபிர் காடு. நிமிர்ந்து இருண்டு நிற்கும் ஊசியிலை மரங்கள். அந்தக் காட்டுத் தேன் கெட்டியாக, முத்துப் போன்ற மினுக்கத்தோடு இருக்கும். 'வனிலியா' என்று பெயர், ஆனால் வனிலா எசென்ஸ் எதுவும் கலப்பதில்லை. புவிசார் குறியீடு போன்ற ஐரோப்பியப் பாதுகாப்பு பெற்ற தேன் அது. இரண்டு பாட்டில் வாங்கினோம், சென்னை வந்து சேர்வதற்குள் ஒன்று காலி.

ஆர்க்காடியாவில் எனக்குப் பிடித்தது ஊர்களைவிட லூசியோஸ் பள்ளத்தாக்கு. பிறந்த குழந்தை ஸீயஸைக் குளிப்பாட்டிய ஆறு என்பது புராணம், பெயரிலேயே கழுவுதல் இருக்கிறது. பள்ளத்தாக்குச் சுவரில் புரோத்ரோமு மடம், குளவிக்கூடு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. மர பால்கனிகள் அந்தரத்தில் நிற்கின்றன. காரை நிறுத்திவிட்டுப் பாதையில் இறங்கிப் போனோம். வாசலில் பெண்களுக்கு நீளப் பாவாடை வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் ஒரு துறவி குளிர்ந்த நீரும் லுக்கூமி மிட்டாயும் கொடுத்தார். மாவுச்சர்க்கரை பூசிய அந்த மிட்டாயை மகள் மூன்று எடுத்துக்கொண்டாள், அவர் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். எதிர்க்கரையில் ஃபிலோசோஃபு மடம் 963-இல் நிறுவப்பட்டது. இரண்டையும் இணைத்து நடக்கப் பாதை உண்டு. 75 கிலோமீட்டர் நீளமுள்ள மைனாலோ நடைப்பாதையின் ஒரு பகுதி அது.

திமிட்சானாவில் நீர்விசை அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். ஓடையின் நீரைக் கொண்டே மாவு அரைத்தார்கள், துணி அடித்தார்கள், வெடிமருந்தும் இடித்தார்கள். 1821 விடுதலைப் போருக்கு வெடிமருந்து போனது இந்த ஊரிலிருந்து. இடிக்கும் உலக்கைகளை ஓட்டிக் காட்டுவார்கள். தொம் தொம்மென்று அது விழுந்ததும் மச்சான், "நம்ம அவல் மில் மாதிரியே இருக்கு மாமா" என்றான். யூரோ வருவதற்கு முன் கிரேக்கத்தில் புழங்கிய 5000 திராக்மா நோட்டின் பின்புறத்தில் இருப்பது கரீத்தேனா ஊரும் அதன் கோட்டைக் குன்றும். பாலத்தருகே நின்று பார்த்தால் அதை ஏன் நோட்டில் போட்டார்கள் என்று தெரியும்.

குறை என்ன? ஏதென்ஸுக்குப் பக்கம் என்பதால் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை நகரமே இங்கே ஏறி வந்துவிடும். அறை வாடகை எகிறும், வீதினாவில் கார் நிறுத்த இடம் இருக்காது. வார நாட்களில் போனால் நேர் எதிர். ஊர் அமைதி, ஆனால் சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடியிருக்கும். ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து வியாழன் கிளம்புவது நல்லது. இன்னொன்று: மூன்று நாளுக்கு மேல் தங்கினால் பார்த்ததையே பார்ப்பது போல இருக்கும். ஒரு வாரத்தை நிரப்ப வேண்டுமானால் ஒலிம்பியா, பஸ்ஸே கோயில் என்று சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அது மலைப் பயணமாக இருக்காது, வரலாற்றுச் சுற்றுலாவாகிவிடும்.

பெலியோன் வேறு ரகம். வோலோஸ் நகருக்கு மேலே எழுந்து கடலுக்குள் வால் நீட்டிய மலை. ஏதென்ஸிலிருந்து வோலோஸுக்குச் சுமார் 330 கிலோமீட்டர், முழுக்க நல்ல சாலை. மனித உடலும் குதிரைக் காலும் கொண்ட கெந்தவுர்களின் வீடு இந்த மலைதான் என்பார்கள். மேற்குச் சரிவில் ஆலிவ். ஆயிரத்து இருநூறு மீட்டர் அளவில் ஹானியா கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் பீச் (beech) மரம், செஸ்ட்நட், ஆப்பிள், ஹைட்ராஞ்சியா என்று எல்லாம் ஈரப் பச்சை. கிழக்குச் சரிவில் காடு கடல் வரை இறங்குகிறது. சகரதா சதுக்கத்தில் ஆயிரம் வயது என்று சொல்லப்படும் பிளேன் மரம் நிற்கிறது. காஷ்மீரில் சினார் என்கிறார்களே, அதே இனம். அதன் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே காபி குடித்துவிட்டு, மலை இறங்கி, மிலோபோத்தமோஸ் கடற்கரையில் குளிக்கலாம். காலையில் காடு, மதியம் கடல் என்பது மற்ற இரண்டு இடங்களிலும் நடக்காது.

மகள் கேட்ட ரயிலும் இங்கேதான். ஆனோ லெஹோனியாவிலிருந்து மிலியெஸ் வரை போகும் குட்டி ரயிலின் தண்டவாள அகலம் 60 சென்டிமீட்டர். நம் ஊட்டி ரயிலுக்கு அது ஒரு மீட்டர். பாதையை அமைத்த பொறியாளர் எவாரிஸ்தோ தெ கிரிக்கோ. அவர் மகன்தான் வோலோஸில் 1888-இல் பிறந்த ஓவியர் ஜோர்ஜோ தெ கிரிக்கோ. மிலியெஸ் பக்கம் ஒரு இரும்புப் பாலம். பாலம் நேராகப் போகிறது, அதன் மேல் தண்டவாளம் வளைந்து போகிறது. ரயில் எல்லா நாளும் ஓடாது, விசாரித்துவிட்டுப் போங்கள். நாங்கள் போன நாளில் ரயில் இல்லை. தண்டவாளத்தை ஒட்டிப் பாலம் வரை நடந்தோம், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

ஆனால் பெலியோனின் சாலைதான் மூன்றிலும் மிக நெருக்கடியானது. வோலோஸிலிருந்து சகரதா 50 கிலோமீட்டர் அளவுதான், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குள் இரண்டு கார் ஒதுங்க இடம் இல்லாத சந்துகள். மக்ரினிட்சாவுக்குள் காரே போகாது, வெளியே நிறுத்தி நடக்க வேண்டும். ஆகஸ்டில் கடற்கரைக்கு இறங்கும் சாலையோரம் முழுக்கக் கார்கள். இன்னொரு விஷயம், 2023 செப்டம்பரில் 'டேனியல்' புயல் இந்த மலையைத்தான் அடித்தது. ஸாகோரா என்ற ஊரில் ஒரே நாளில் 754 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைப்பதில் பாதி. சாலைகள், பாலங்கள் போயின. மழைக்காலத்தில் இங்கே போகிறவர்கள் வானிலையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

பெயர் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பெலியோனில் இருக்கும் ஸாகோரா வேறு, வடமேற்கில் இருக்கும் ஸாகோரி வேறு. இரண்டும் 'மலைக்குப் பின்னால்' என்ற அதே பழைய ஸ்லாவிய வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. ஜி.பி.எஸ்.ஸில் எழுத்து மாறிப் போட்டால் நாட்டின் மறுபக்கம் போய் நிற்பீர்கள்.

நாலாவதாகக் கார்பெனிஸியையும் சிலர் சொல்வார்கள். கிரேக்கத்தின் சுவிட்சர்லாந்து என்று பெயர். அடர்ந்த ஃபிர் காடு, பாறை இடுக்கில் புருசோஸ் மடம், 1963-இல் மண்சரிவில் புதைந்த மிக்ரோ ஹோரியோ கிராமம். நான் போனதில்லை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஏதென்ஸிலிருந்து கிளம்பி அமைதி மட்டும் போதும் என்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

இனி ஸாகோரி. என் ஓட்டு இதற்குத்தான் என்பதை மறைக்கப் போவதில்லை.

எப்பிரஸ் பகுதியில், பிந்துஸ் மலைத்தொடரில் 46 கிராமங்கள். 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வீடு, கூரை, மதில், தெரு, பாலம் எல்லாம் ஒரே சாம்பல் கல். தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. இத்தனை உயரத்தில், விளைச்சல் அதிகம் இல்லாத நிலத்தில், இவ்வளவு பெரிய வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒட்டோமான் காலத்தில் இந்த ஊர்களுக்குத் தன்னாட்சிச் சலுகை இருந்தது. ஆண்கள் புக்காரெஸ்ட், இஸ்தான்புல் என்று வணிகத்துக்குப் போனார்கள், சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பினார்கள். வீடு, பள்ளிக்கூடம், பாலம் என்று கட்டினார்கள். பர்மா பணத்தில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பெரிய வீடுகளில் இன்று ஆள் இல்லை என்பது வரை அதே கதை.

பாலங்களுக்குப் பெயர், கட்டப் பணம் கொடுத்தவர் பெயர் அல்லது பழுது பார்த்தவர் பெயர். கீப்பி ஊருக்குப் பக்கத்தில் கொக்கோரி பாலம், 1750-இல் கட்டியது. இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஒரே வளைவு. சாலையோரமே இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் மேலே ஏறி நிற்கலாம். பிளாகிதா பாலத்துக்கு மூன்று வளைவு, பக்கவாட்டில் பார்த்தால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கும். மேலே நடக்கும்போது கவனியுங்கள். நடுவில் உயர்ந்து, இறங்கி, மறுபடி உயரும் கல் பாவிய பாதை, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. கோவேறு கழுதைகள் போய்ப் போய்க் கற்கள் வழுவழுப்பாகிவிட்டன. மழை நாளில் அதில் ரப்பர் செருப்போடு ஏறிய மச்சான், இறங்கும்போது உட்கார்ந்தே இறங்கினான்.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸாகோரியில் பல ஊர்களுக்கு நேர் மேலே ஒரு பழைய மரக்கூட்டம் தெரியும். அது தானாகத் தப்பிப் பிழைத்த காடு அல்ல. சரிவில் மரம் போனால் மண் சரிந்து ஊர் மேல் விழும். அதனால் அந்த மரங்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்கள். கிளை வெட்டினால் சபையிலிருந்து விலக்கு என்று பாதிரியார் சாபம் போட்டு வைத்தார். நம் கோயில்காடுகளில் சுள்ளி பொறுக்கக்கூடப் பயப்படுவார்களே, அதே தந்திரம்தான். அங்கே அய்யனார், இங்கே புனிதர்.

விகோஸ் பள்ளத்தாக்குதான் இந்தப் பகுதியின் நடுநாயகம். அகலத்துக்கு ஏற்ற ஆழத்தில் உலகிலேயே முதலிடம் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது, சுமார் 900 மீட்டர். பார்க்க மூன்று முனைகள் உண்டு. மொனோதெந்திரி ஊரைத் தாண்டி ஒக்ஸியா முனை வரை கார் போகும். வழியில் அடுக்கடுக்காகத் தட்டை வைத்தது போன்ற பாறைகள், கல் காடு என்கிறார்கள். இரண்டாவது, வ்ரதேத்தோ ஊரிலிருந்து கொஞ்சம் நடந்து போகும் பெலோயி முனை. அந்த ஊருக்கு 1970கள் வரை சாலை இல்லை, மலையில் செதுக்கிய கல் படிக்கட்டு ஒன்றுதான் வழி. மூன்றாவது, பள்ளத்தாக்கின் வடக்குக் கோடியில் விகோஸ் கிராமம். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பெலோயிக்குப் போங்கள். ஒக்ஸியாவில் பார்வை ஓர் ஓரத்திலிருந்துதான், பெலோயியில் பள்ளத்தாக்கு முழுதாக வாய் திறக்கிறது. விளிம்பில் கம்பி கிடையாது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அப்புறம் பபிங்கோ சாலை. அரிஸ்தி ஊரிலிருந்து இறங்கினால் வோய்தொமாத்திஸ் ஆற்றுப் பாலம். தண்ணீர் கண்ணாடி போல என்று சொல்லலாம்தான், ஆனால் பச்சைக் கண்ணாடி. பிளேன் மரங்கள் இரு கரையிலும் சாய்ந்து நிற்கின்றன. அக்டோபரில் இலைகள் மஞ்சளாகி அந்தப் பச்சையின் மேல் மிதக்கின்றன. காலை நனைத்தேன், எண்ணி ஐந்து விநாடிதான். பாலத்தைத் தாண்டியதும் வளைவு மேல் வளைவாக ஏற்றம். ஒவ்வொரு திருப்பத்திலும் அஸ்த்ராகா பாறைக் கோபுரங்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாக மேலே வந்து நிற்கும். மேலே பெரிய பபிங்கோ, சின்ன பபிங்கோ என்று இரண்டு ஊர். நடுவே பாறையை நீர் குடைந்த இயற்கைக் குளங்கள். மாலை வெயில் பாறை மேல் விழுந்து ஆரஞ்சாகும் நேரம், சதுக்கத்தில் மாவும் முட்டையும் ஃபெட்டா சீஸும் சேர்த்துத் தட்டையாகச் சுட்ட 'அலெவ்ரோபித்தா' வந்தது. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று இடங்களில் ஸாகோரிதான் வசதி, கீரை, பூசணி, சீஸ் என்று பித்தாவிலேயே நாளை ஓட்டலாம். பெலியோனில் எங்கே கேட்டாலும் மிளகாயோடு வதக்கிய பன்றித் தொத்திறைச்சி 'ஸ்பெத்ஸோஃபாய்' வரும். எனக்குச் சந்தோஷம், மனைவிக்கு இல்லை.

ஸாகோரிக்கு விலை என்ன என்றால், தூரம். ஏதென்ஸிலிருந்து யோனினா சுமார் 420 கிலோமீட்டர். கம்பிவடங்கள் தாங்கும் ரியோ–அந்திரியோ பாலத்தைக் கடந்து போக வேண்டும். 2004-இல் திறந்த, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளப் பாலம். பார்க்க நன்றாக இருக்கிறது, சுங்கம் கொடுக்கும்போது அப்படி இருக்காது. போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்துவிடும். உள்ளேயும் தூரம் ஏமாற்றும். மொனோதெந்திரிக்கும் பபிங்கோவுக்கும் நடுவே இருப்பது பள்ளத்தாக்குதான், வரைபடத்தில் விரலால் தொட்டுவிடலாம். காரில் சுற்றிப் போக ஒரு மணி நேரம் பிடிக்கும். நடந்தால் ஆறேழு மணி. உள் ஊர்களில் பெட்ரோல் பங்கை நம்ப முடியாது, யோனினாவில் நிரப்பிக்கொண்டு ஏறுவது பழக்கம். ஆட்டு மந்தையோடு வரும் காவல் நாய்கள் பெரியவை, கோபமும் அதிகம். நடக்கும்போது மந்தையைச் சுற்றிப் போங்கள், நடுவில் புகாதீர்கள்.

எங்களுக்கு அரிஸ்திக்கு முன்னால் ஒரு கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. முழுக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று தெம்பாக இருந்தேன். தாளைப் பிரித்தால் டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் அதில் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. மலைச் சாலையில் அடிபடுவதே இந்த மூன்றுதான். வண்டி எடுக்கும்போதே இதைக் கேட்டு, கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் காற்றடிக்கும் கருவிதானா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நாலு நாள் ஸாகோரி முடிந்ததும், மகளுக்குக் கொடுத்த வாக்குக்காக மெத்ஸோவோ, மெத்தேயோரா வழியாக வோலோஸ் போனோம். மெத்ஸோவோவில் புகையூட்டிய சீஸ் நன்றாக இருந்தது. மெத்தேயோராவின் பாறைத் தூண்களை ஜன்னல் வழியாகப் பார்த்தோம், நிறுத்த நேரமில்லை. பெலியோனில் இரண்டு இரவு. அக்டோபர் கடைசி, கடலில் இறங்க முடியாத குளிர், ரயிலும் இல்லை. 28-ஆம் தேதி தேசிய விடுமுறை வேறு, 1940-இல் இத்தாலியின் மிரட்டலுக்கு 'முடியாது' என்று சொன்ன நாள், உள்ளூர்க் கூட்டம் எல்லாம் மலையில். ஸாகோரியில் அந்த இரண்டு நாளையும் கழித்திருந்தால் விகோஸின் அடியில் நடந்திருப்போம். இரண்டு மலையை ஒரு வாரத்தில் கோர்த்தால் கிடைப்பது இரண்டும் அல்ல, நடுவில் இருக்கும் நெடுஞ்சாலைதான்.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்வேன். ஏதென்ஸ் போகும் வேலையோடு மூன்று, நாலு நாள்தான் கிடைக்கிறது, வலப்பக்கம் ஓட்டுவது முதல் தடவை, வண்டியில் தலை சுற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆர்க்காடியா. குளிர்காலத்திலும் மூன்றில் அதுவே தோது, ஆனால் பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி டிக்கியில் இருக்கட்டும். ஜூனிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பிள்ளைகளோடு போகிறீர்கள், கடல் இல்லாமல் அவர்கள் விட மாட்டார்கள் என்றால் பெலியோன், அங்கே மட்டும், கிழக்குச் சரிவில் ஒரே வீட்டில் நாலைந்து நாள். ஆகஸ்டைத் தவிருங்கள், கூட்டமும் காட்டுத் தீ பயமும் அப்போதுதான். ஆறு முழு நாள் மலையிலேயே இருக்க முடியும், மாதம் மே, ஜூன் அல்லது அக்டோபர் என்றால் ஸாகோரி. ஐந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் எனக்கே ஆசை இருந்தாலும் போக மாட்டேன்.

ஸாகோரிக்கு ஏதென்ஸில் இறங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தெஸலோனிக்கியில் இறங்கினால் எக்னாதியா நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்தில் யோனினா. முன்பு அந்த வழியில் கத்தாரா கணவாயை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. கத்தாரா என்றால் சாபம், 1,700 மீட்டரை ஒட்டிய உயரம், பனிக்காலத்தில் பேருக்கேற்ற சாலை. இப்போது சுரங்கப் பாதைகள் வழியாகத் தூக்கமே கலையாமல் போய்விடலாம். இதை நான் முதலிலேயே கவனித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த மே மாதத்துக்குத் தெஸலோனிக்கி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெத்ஸோவோவில் ஒரு இரவு, கீப்பி பக்கம் இரண்டு, பபிங்கோவில் மூன்று. மனைவி எலுமிச்சம்பழத்துக்குப் பதில் மாத்திரையோடு வருவதாகச் சொல்லிவிட்டாள். மகள், குளங்களில் குளிக்க விடுவோம் என்று எங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறாள். மச்சான் நேற்றுக்கூட போன் பண்ணிக் கேட்டான், ஆட்டோமேட்டிக் கிடைச்சுதா மாமா என்று. இன்னும் கிடைக்கவில்லை.